கூண்டில் ஏறிய நீதிபதி

துப்பறியும் கதைக்கும் பேய்க் கதைக்கும் நெடுநாளாகவே ஒத்துப் போவதில்லை. 1929-ம் வருஷத்தில் ரொனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கென்று பத்துக் கட்டளைகளை விதித்தார். பாதிரியார் அல்லவா? பத்துக்குக் குறைத்து விதிக்க அவருக்கு மனம் வந்திராது. அவற்றுள் இரண்டாவது கட்டளை, மனித சக்திக்கு மேற்பட்ட எதுவும் கதைக்குள் தலைகாட்டக் கூடாது என்பது. அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே ஷெர்லக் ஹோம்ஸும், ரத்தம் குடிக்கும் பேயைப் பற்றித் தம்மிடம் வந்த ஒரு வழக்கில், ஆவிகளுக்கும் தம் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் மட்டும் அதே காலத்தில், ஆவிகளோடு பேசலாம் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து கொண்டிருந்தார். அது கிடக்கட்டும்.

நாக்ஸ் பாதிரியாரின் கட்டளையில் நியாயம் இல்லாமல் போகவில்லை. செத்தவனே எழுந்து வந்து, "என்னைக் கொன்றவன் இன்னான்" என்று சொல்லிவிட்டால், துப்பறிகிறவருக்கு அப்புறம் என்ன வேலை? இருநூறு பக்கம் படித்த வாசகருக்கும் அது பெரிய ஏமாற்றம். ஆனால் நாக்ஸ் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்ட ஓர் அயர்லாந்து ஆசிரியர், குற்றத்தையும் ஆவியையும் ஒரே கதைக்குள் குடிவைத்து, யாரையும் ஏமாற்றாமல் சமாளித்திருக்கிறார். ஜோஸப் ஷெரிடன் லெ பானு என்பது அவர் பெயர். அவருடைய சிறந்த கதைகளில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஆவி வருவதில்லை. குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். அல்லது எளிதில் ஊகித்துவிடலாம். சட்டம் அவனைத் தொடாது என்பதுதான் சங்கடம். ஏனென்றால் அவனே சட்டமாக இருக்கிறான்.

இதை விளங்கச் சொல்ல, அவர் கதைகளில் சிலவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

1847-ல் வெளியான 'காவல் பார்ப்பவன்' என்ற கதையை முதலில் எடுத்துக் கொள்வோம். பார்ட்டன் என்பவர் போர்க் கப்பல் ஒன்றின் தலைவராக இருந்து, ஓய்வு பெற்று, டப்ளின் நகரில் வந்து தங்கியிருக்கிறார். நடுத்தர வயது, நல்ல குடும்பம், கையில் பணம். கடவுள், மறுமை என்ற பேச்செல்லாம் அவருக்கு வேடிக்கை. ஒரு பெண்ணுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஓர் இரவு அவள் வீட்டிலிருந்து அவர் தனியே நடந்து திரும்புகிறார். புதிதாகப் போட்ட தெரு. இரண்டு பக்கமும் பாதி எழும்பிய சுவர்களும் அஸ்திவாரங்களுமே தவிர, மனிதவாசம் இல்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. இவர் நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் தெரு வெறிச்சென்றிருக்கிறது. அவ்வளவுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு அந்தக் காலடிகள் அவரை விடவில்லை. கடிதங்கள் வருகின்றன. குட்டையான ஓர் உருவம் எதிர்ப்படுகிறது. வைத்தியர், பாதிரியார் எல்லோரிடமும் போய்ப் பார்க்கிறார். ஒரு பயனும் இல்லை.

முடிவில் விஷயம் வெளியாகிறது. பார்ட்டன் தம் கப்பலில் வேலை செய்த ஒரு மாலுமியின் மகளைக் கெடுத்திருந்தார். தகப்பன் மகளைக் கொடுமையாக நடத்தினான். அவள் மனமுடைந்து இறந்தாள். அந்தக் கோபத்தைக் கப்பல் தலைவர் மாலுமியின் முதுகில் தீர்த்துக் கொண்டார். எதற்கெடுத்தாலும் சவுக்கடி. அந்தப் புண்களாலேயே அவன் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் இறந்து போனான். இது கொலையா? அந்நாளைய கடற்படைச் சட்டப்படி அன்று. தலைவர் தண்டனை விதித்தார். மாலுமி அதை அனுபவித்தான். கணக்குப் புஸ்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எந்தக் கோர்ட்டுக்குப் போய் யார் முறையிடுவது? ஆகவேதான் காலடிகள் வருகின்றன. துப்பறிகிறவர் வந்திருந்தால் கேட்டுவிட்டு, கையை விரித்துக் கொண்டு போயிருப்பார்.

இரண்டாவது கதை இதைவிட உறைப்பானது. 1872-ல், அதாவது தாம் இறப்பதற்கு முந்திய வருஷத்தில், லெ பானு ஐந்து கதைகளைச் சேர்த்து 'மங்கிய கண்ணாடியில்' என்ற பொருள்பட ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதில் ஒன்று 'நீதிபதி ஹார்பாட்டில்'. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் நடப்பதாகக் கதை. நீதிபதி பெருத்த உடம்பு, சிவந்து தடித்த முகம், குடி, வாதநோய், குரூரமான பரிகாசம் எல்லாம் வாய்ந்த மனிதர். ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த பைன்வெக் என்பவனின் மனைவியை வேறு பெயரில் தம் வீட்டில் நிர்வாகியாக அமர்த்திக் கொண்டிருக்கிறார். பைன்வெக்கின் மீது கள்ளப் பத்திர வழக்கு வருகிறது. விசாரிக்கப் போகிறவர் இதே நீதிபதி. அவள் அழுது பார்க்கிறாள். நீதிபதி சட்டப்படியே விசாரிக்கிறார், சட்டப்படியே தூக்கிலிடுகிறார். அக்காலத்து இங்கிலாந்தில் கள்ளப் பத்திரத்துக்குத் தூக்குத் தண்டனை உண்டு என்பதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பைன்வெக் குற்றம் செய்தானா இல்லையா என்பது அந்த விசாரணையில் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

அப்புறம் நீதிபதிக்கு ஒரு கடிதம் வருகிறது. அவர் மீது மேல் கோர்ட் ஒன்றில் கொலை வழக்குத் தாக்கலாகியிருக்கிறது என்று, தக்க சட்ட பாஷையில், தேதி முதலியவற்றோடு எழுதியிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பற்றி ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தியை நாம் மிகவும் ரசித்தோம். அதன் அசல் கடைசி வரையில் கிடைக்கவில்லையாம். நீதிபதி தம் கையாலேயே எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்றுதான் இருந்ததாம். வந்த கடிதத்துக்குப் பிரதி எடுத்தாரா, வராத கடிதத்தைத் தாமே எழுதிக் கொண்டாரா? வக்கீல் குமாஸ்தா ஒருவர் கட்டில் முடிந்து வைத்தது போல் அந்தச் சந்தேகத்தை அப்படியே விட்டுவிட்டு, கதை மேலே போகிறது.

ஓர் இரவு நாடகம் பார்த்துத் திரும்பும் வழியில் நீதிபதி வண்டியில் கண்ணயர்கிறார். கண் விழித்தால், தெரியாத ஒரு வெட்ட வெளி; தூக்கு மரம்; பிறகு மங்கலான ஒரு நியாய ஸ்தலம். ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் பிரதம நீதிபதியின் முகம் இவருடைய முகமே. உருவம் மட்டும் இரண்டு மடங்கு. பேச்சு, அதட்டல், பரிகாசம், கைதியின் வாதத்தைக் காதில் போட்டுக் கொள்ளாமல் தள்ளும் விதம் எல்லாம் இவர் தம் கைதிகளிடம் காட்டியவையே. இந்தக் கோர்ட்டுக்குத் தம்மை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று இவர் ஆட்சேபிக்கிறார். எடுபடவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி தூக்கு என்று தீர்ப்பாகிறது. விழித்துக் கொண்ட நீதிபதி, எல்லாம் வாதநோயின் கோளாறு என்று தம்மைத் தேற்றிக் கொள்கிறார். பத்தாம் தேதி மாடிப்படியின் கைப்பிடிக் கம்பத்தில் அவர் தொங்கக் காண்கிறார்கள்.

இந்தக் கதையை லெ பானு திடீரென்று எழுதிவிடவில்லை. பத்தொன்பது வருஷங்களுக்கு முன், 1853-ல், டப்ளினில் ஏஞ்சர் தெருவிலுள்ள ஒரு பழைய வீட்டைப் பற்றி அவர் ஒரு கதை எழுதியிருந்தார். படிப்பதற்காக வந்த இரண்டு இளைஞர்கள் குறைந்த செலவில் அங்கே தங்குகிறார்கள். இரவில் அவர்களைத் துன்புறுத்துவது ஒரு நீதிபதியின் ஆவி. ஏராளமான பேரைத் தூக்குக்கு அனுப்பிய அவர், ஒரு குழந்தை தாண்டி விளையாடும் கயிற்றை எடுத்துத் தம் வீட்டு மாடிப்படியில் தூக்குப் போட்டுக் கொண்டவர். அங்கே நீதிபதி பிறரைப் பயமுறுத்தும் பிசாசு, அவ்வளவே. பிந்திய கதையில் அவரே கைதி. பயமுறுத்தியவனை விசாரணைக்குக் கொண்டுவருவதற்கு ஆசிரியருக்கு இருபது வருஷம் வேண்டியிருந்தது. இன்னொரு மாறுதலையும் கவனிக்க வேண்டும்: டப்ளினிலிருந்த வீடு லண்டனுக்குப் போய்விட்டது. ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

லெ பானு 1814-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி டப்ளினில் பிறந்தார். மத ஹிம்சைக்குத் தப்பிப் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய பிராட்டஸ்டண்டுக் குடும்பம். நாடகாசிரியர் ஷெரிடனின் சகோதரி இவருக்குத் தந்தை வழிப் பாட்டி. தந்தை ஆங்கிலிகன் சபையின் பாதிரியார். 1826-ல் தந்தைக்கு லிமெரிக் ஜில்லாவில் ஆபிங்டன் என்னும் கிராமத்துக்கு மாற்றம் கிடைத்தது. சுற்றிலும் இருந்தவர்கள் ஏழைக் கத்தோலிக்கக் குடியானவர்கள். தாங்கள் கால் வைக்காத கோவிலின் பாதிரியாருக்கு, விளைச்சலில் ஒரு பங்கைத் தசமபாகமாக அவர்கள் கட்டாயம் செலுத்த வேண்டும். இப்படி ஒரு சட்டம் இருந்தால் என்ன ஆகும்? 1831-ல் கலகம் மூண்டது. பாதிரியார் வீட்டுக்கு வருமானம் நின்றது. தெருவில் கிளம்பினால் வசவும் கல்லும். லெ பானுவின் தம்பி வில்லியம், 1893-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் அந்நாட்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சட்டம் தங்கள் பக்கம் இருக்கும்போதே நியாயம் எதிர்ப்பக்கம் இருப்பது எப்படிப்பட்ட நிலைமை என்று, பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தான் என்பது எங்கள் அநுமானம்.

அந்த வீட்டிலும் எல்லாம் ஒரே நிறமாக இருக்கவில்லை. 1798-ம் வருஷத்துப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு பிரபு, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்த்துப் போராடிய குத்துவாள் ஒன்று, பிடித்த அதிகாரிகளில் ஒருவரின் வீட்டில் இருந்தது. லெ பானுவின் தாயார் சிறு பெண்ணாக இருந்தபோது அதை அங்கிருந்து திருட்டுத்தனமாக எடுத்து வந்து மறைத்து வைத்துக் கொண்டார். பாதிரியாரின் மனைவி! மகனோ வளர்ந்து பெரியவனானதும் கன்சர்வேடிவ் கட்சிப் பத்திரிகைகளை விலைக்கு வாங்கி நடத்தினான். பிரிட்டிஷ் தொடர்பு அறுந்தால் அயர்லாந்து கெட்டுவிடும் என்று நம்பினான். ஆனால் அதே மகன், தூக்குமரத்திலிருந்து தப்பும் 1798-ம் வருஷத்துப் புரட்சிக்காரன் ஒருவனைக் கதாநாயகனாக வைத்து ஒரு கதைப்பாட்டும் இயற்றினான். 'ஷேமஸ் ஓ பிரையன்' என்ற அந்தப் பாட்டு அமெரிக்கா வரையில் மேடைகளில் முழங்கிற்று. தலையங்கம் எழுதும் கை ஒன்று, கதை எழுதும் கை வேறொன்று என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய கட்சியை நாம் ஒப்புக் கொள்ள முடியாது. அவர் கதைகளோ, அந்தக் கட்சியின் மீதே குற்றப் பத்திரிகை வாசிக்கின்றன.

இனி அவருடைய மிகப் பெரிய படைப்புக்கு வருவோம். 1838-ம் வருஷம் நவம்பர் மாதம் 'டப்ளின் யூனிவர்ஸிடி மாகஸின்' என்ற பத்திரிகையில், ஓர் அயர்லாந்துச் சீமாட்டியின் ரகசிய வரலாற்றிலிருந்து ஒரு பகுதி என்ற தலைப்பில் ஒரு சிறுகதை வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. லெ பானுவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பெரும் சொத்துக்கு ஒரே வாரிசான ஒரு பெண். அவள் தகப்பனார் இறந்துபோகிறார். தகப்பனாரின் தம்பி வீட்டில் முன்பொரு காலத்தில், சூதாட வந்த ஒருவன் உள்ளே பூட்டிய அறையில் மாண்டு கிடந்தான். தம்பி மீது ஊரெல்லாம் சந்தேகம், ருசு இல்லை. தம்பியின் மானத்தைக் காக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு காரியம் செய்கிறார்: தம் மகளையே தம்பியின் பாதுகாப்பில் ஒப்படைத்து உயில் எழுதுகிறார். மேஜராகும் முன் பெண் இறந்தால் சொத்து முழுவதும் தம்பிக்கு. தம்பியை நான் எவ்வளவு நம்புகிறேன் பாருங்கள் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக, பெற்ற மகளின் தலைக்கு விலை போட்டுவிட்டு அந்த நல்ல மனிதர் கண்ணை மூடுகிறார்.

பூட்டிய அறைக்குள் கொலை என்ற புதிர் இன்று துப்பறியும் கதைகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. அதற்கு மூலபுருஷர் எட்கார் ஆலன் போ என்பது பொதுவான அபிப்பிராயம். போவின் கதை வந்தது 1841-ல். அயர்லாந்துச் சீமாட்டி அவருக்கு மூன்று வருஷம் மூத்தவள். அறைக்குள் கொலையாளி எப்படிப் புகுந்தான் என்பதை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஜன்னலைக் கவனித்துப் படியுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

இதே கதையை 1851-ல் லெ பானு வேறு தலைப்பில் ஒரு சிறு தொகுதியில் மறுபடியும் வெளியிட்டார். 'கொலையுண்ட ஒன்றுவிட்ட சகோதரி' என்று பெயர் வைத்து, யார் சாகப் போகிறார்கள் என்பதை அட்டையிலேயே சொல்லிவிட்டது அவருடைய சாமர்த்தியக் குறைவு. அப்போதும் ஆசிரியர் பெயர் போடவில்லை. மூன்றாவது முறை 1864-ல். இந்தத் தடவை அது மூன்று பாகங்கள் கொண்ட பெரிய நாவல்: 'அங்கிள் சைலஸ்'. மூலக் கதையைப் பற்றி முன்னுரையில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

'அங்கிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் ஒன்றுதான். தமிழில் இந்த நாவலுக்குப் பெயர் வைத்தால் 'சித்தப்பா சைலஸ்' என்றுதான் வைக்க வேண்டும். வைத்தவுடனேயே பாதி பயம் வந்துவிடும். மாட் என்ற பதினேழு வயதுப் பெண் கதையைத் தானே சொல்கிறாள். சித்தப்பாவை அவள் முதலில் அறிவது தகப்பனார் வீட்டுச் சுவரிலுள்ள ஒரு படத்தின் மூலம். அழகான வாலிபன், அவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிறகு நேரில் காணும்போது, வெள்ளைத் தலைமயிர், சலவைக்கல் போன்ற முகம், கறுப்பு வெல்வெட் உடுப்பு, வாயைத் திறந்தால் வேத வசனம். அபினித் திராவகத்தில் மூழ்கிக் கிடக்கும் கிழவர். அவர் ஒருபோதும் சத்தம் போடுவதில்லை. மகன் டட்லியை அவளுக்குக் கட்டி வைத்துச் சொத்தை அடையப் பார்க்கிறார். சித்தப்பா மகனை மணப்பதாவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக் கொள்வார்கள். ஆங்கிலேயர் வழக்கில் அதற்குத் தடையில்லை. அவள் மறுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் மூன்றாவது பாகம்.

ஆவிகளில் இவ்வளவு தேர்ந்த ஆசிரியர் இந்த நாவலில் ஓர் ஆவியைக் கூட நுழைக்கவில்லை. வீடு இருக்கிறது, பூட்டிய அறைகள் இருக்கின்றன, மாட்டுக்கு உபாத்தியாயினியாக வந்து சேரும் பிரெஞ்சுக்காரி ஒருத்தி இருக்கிறாள். பிராந்தி வாடையும், குதிரைச் சிரிப்பும், பொய்ம்மயிரும் கொண்ட அந்த ரூஜியேர் அம்மாள் வரும் பக்கங்களைப் படித்த குழந்தைகள் விளக்கை அணைக்க விடமாட்டார்கள். ஆனால் உண்மையான பயங்கரம் எதில் இருக்கிறது? எல்லாம் சட்டப்படி நடக்கிறதே, அதில் இருக்கிறது. உயில் செல்லும். பாதுகாவலர் நியமனம் செல்லும். ஆபத்தை அறிந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி எச்சரிக்கிறாள். சொத்துக்கு டிரஸ்டியான பிரைர்லி என்பவர் எதிர்த்து வாதாடுகிறார். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொலைக்காரன் வீட்டு வாசல் வரையில் சட்டமே பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டு, வணக்கம் சொல்லிப் போய்விடுகிறது. கடைசியிலும் சட்டம் யாரையும் தூக்கிலிடவில்லை.

இப்போது, முன்னால் விட்ட கேள்வி. 1838-ல் அயர்லாந்துச் சீமாட்டியாக இருந்தவள், 1864-ல் இங்கிலாந்தில் டார்பிஷயர் ஜில்லாவின் பெண்ணாக மாறிவிட்டாள். லெ பானு இதற்கு முந்திய வருஷம் எழுதிய 'மாதாகோவில் முற்றத்து வீடு' என்ற நாவல், டப்ளினுக்கு அருகே சாபலிஸாடு என்ற ஊரில் நடப்பது. அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்த பினிக்ஸ் பூங்காவை அடுத்த இடம். சவக்குழி தோண்டும்போது அகப்படும் மண்டையோட்டில் தெரியும் துளையிலிருந்து கதை தொடங்குகிறது. லண்டன் பதிப்பாளர் ரிச்சர்டு பென்ட்லி அடுத்த நாவலுக்கு ஒப்பந்தம் செய்தபோது ஒரு நிபந்தனை போட்டார்: கதை இங்கிலாந்தில் நடக்க வேண்டும், தற்காலத்தில் நடக்க வேண்டும். அயர்லாந்து, லண்டன் கடைகளில் விலை போகாத சரக்கு. லெ பானுவுக்குப் பணம் வேண்டியிருந்தது. பெயர்களை மாற்றினார்; ஜில்லாவை மாற்றினார்.

அவருடைய நாட்டைச் சேர்ந்த நாவலாசிரியை எலிஸபெத் போவன், 1947-ம் வருஷத்துப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இது இங்கிலாந்து உடை தரித்த அயர்லாந்துக் கதையே என்று எடுத்துக் காட்டினார். போவன் அம்மாளும் கார்க் ஜில்லாவில் அத்தகைய ஒரு ஜமீன் மாளிகையின் வாரிசு. இடிந்த மதில், புல் மண்டிய முற்றம், வாடகை வராத நிலம், சுற்றிலும் விரோதமான கிராமம், உள்ளே பழைய பெருமையைப் பேசிக் கொண்டு கடனில் முழுகும் ஒரு குடும்பம் என்று சொன்னால், அயர்லாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூலைக்கு ஒன்று காட்டலாம். முன்னோர் கைப்பற்றிய நிலம், சட்டப்படி சொந்தமானது, ஆனால் இரவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும். டார்பிஷயரில் இப்படியொரு வீட்டை நட்டுவைத்தால் ஆங்கிலேய வாசகருக்கு அது வெறும் விசித்திரம். எங்கிருந்து பெயர்த்தெடுத்தது என்று தெரிந்தவர்களுக்கு அது வரலாறு.

இவ்வளவு சொன்னபின் ஒரு கதை நமக்கு இடக்காக வந்து நிற்கிறது. 1869-ல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் வெளியிட்ட 'பச்சைத் தேயிலை'. ஜென்னிங்ஸ் என்ற சாதுவான பாதிரியார் ஒருவர். யாருக்கும் தீங்கு நினையாதவர். இரவில் கண் விழித்து எழுதுவதற்காகப் பச்சைத் தேயிலைக் கஷாயம் குடித்துப் பழகியவர். ஒரு மாலை, குதிரை பூட்டிய பொது வண்டியில் தனியே உட்கார்ந்திருக்கையில், எதிர் மூலையில் இரண்டு சிவந்த புள்ளிகளைக் காண்கிறார். ஒரு சிறு கறுப்புக் குரங்கு. அது அவரோடு வீட்டுக்கு வருகிறது; ஜபம் செய்ய விடாமல் தடுக்கிறது; பிறகு பேசவும் தொடங்குகிறது. இவர் என்ன குற்றம் செய்தார்? எந்த மாலுமியை அடித்தார்? ஒன்றுமில்லை. நாம் மேலே கட்டிய வாதத்துக்குள் இந்தக் குரங்கு அடங்கமாட்டேன் என்கிறது. பதில் ஓரளவு கதையின் முடிவில் இருக்கிறது. ஹெஸ்ஸீலியஸ் என்ற ஜெர்மன் வைத்தியர், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று ஜென்னிங்ஸுக்கு வாக்களித்துவிட்டு, தொந்தரவில்லாமல் யோசிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தெரியாத விடுதியில் போய்த் தங்குகிறார். ஜென்னிங்ஸின் அவசரக் கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஜென்னிங்ஸ் கழுத்தை அறுத்துக் கொண்டார். வைத்தியரோ, இவ்வகை நோயாளிகள் 57 பேரைத் தாம் பார்த்திருப்பதாகவும், ஜென்னிங்ஸுக்கு இன்னும் சிகிச்சையே ஆரம்பிக்கவில்லையாதலால் அவர் தம் கணக்கில் சேரமாட்டார் என்றும் சாவதானமாக எழுதி வைக்கிறார். குரங்கைவிட இந்த வைத்தியர்தான் எங்களை அதிகம் நடுங்க வைத்தார். இங்கும் உரிய அதிகாரத்தோடு ஆசனத்தில் இருந்தவர் கைவிட்டார், கேட்பார் இல்லை.

லெ பானுவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட நாவல்களில் அவர் சவ்வாய் இழுப்பார். 'அங்கிள் சைலஸ்' முதல் பாகத்திலேயே நூறு பக்கம் குறைத்திருக்கலாம். ஒரே கருவைத் திரும்பத் திரும்பக் கையாள்வதில், கலைஞனின் விடாப்பிடி எவ்வளவு, மாதப் பத்திரிகைக்குப் பக்கம் நிரப்ப வேண்டிய ஆசிரியரின் அவசரம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். 1861 முதல் 1869 வரையில் 'டப்ளின் யூனிவர்ஸிடி மாகஸின்' பத்திரிகைக்கு உரிமையாளரும் அவரே. 'கார்மில்லா' என்ற ரத்தக் காட்டேரிக் கதைக்குத்தான் இன்று உலகமெங்கும் பெயர். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கு அது கால் நூற்றாண்டு முந்தியது. லெ பானு பங்குதாரராக இருந்த டப்ளின் பத்திரிகை ஒன்றில் இளைஞர் ஸ்டோக்கர் சம்பளமில்லாமல் நாடக விமர்சனம் எழுதினார் என்பது ஒரு சுவையான செய்தி. ஆனால் எங்களுக்கு அந்தப் பெண் காட்டேரியைவிட, மாடிப்படியில் தொங்கிய நீதிபதியே மேலாகத் தோன்றுகிறார்.

அவர் தொடங்கிய வழி இன்னும் அடைபட்டுவிடவில்லை. டப்ளினில் பிறந்த ஜான் கானலி என்ற ஆசிரியர் 1999-ல் தொடங்கி, சார்லி பார்க்கர் என்ற துப்பறிவாளரை வைத்துத் தொடர்ந்து நாவல்கள் எழுதி வருகிறார். பார்க்கர் முன்னாள் நியூயார்க் போலீஸ்காரர். மனைவியும் சிறு மகளும் கொலையுண்டவர்கள். அவர்கள் அவரை விட்டுப் போவதில்லை. இறந்தவர்கள் அங்கும் குற்றவாளியின் விலாசத்தைக் கொடுப்பதற்காக வருவதில்லை. உயிரோடிருப்பவர் தங்களுக்குப் பட்ட கடனை நினைப்பூட்டவே வருகிறார்கள். இந்தக் கதைகள் நடப்பது அமெரிக்காவில், பெரும்பாலும் மெயின் மாகாணத்தில். லெ பானுவை அயல் மண்ணுக்குப் பதிப்பாளர் அனுப்பி வைத்தார். கானலி தாமாகவே போனார்.

லெ பானுவின் மனைவி ஸூஸன்னா 1858-ல் இறந்தார். அதற்குப் பிறகு அவர் மெல்ல மெல்லக் கூட்டங்களை விட்டு ஒதுங்கினார். டப்ளின்வாசிகள் அவருக்கு 'கண்ணுக்குத் தெரியாத ராஜகுமாரன்' என்று பட்டம் சூட்டினார்கள். நள்ளிரவில் படுக்கையில் உட்கார்ந்து, இரண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுவார் என்று அவருடைய மகன் சொன்னதாகக் கர்ணபரம்பரை. 1873 பிப்ரவரி 7-ந் தேதி இறந்தார். மெரியன் சதுக்கத்தில் அவர் வாழ்ந்த வீட்டின் இலக்கம் அப்போது 18, இப்போது 70. அயர்லாந்து அரசாங்கத்தின் கலைக் கழகம் அந்தக் கட்டடத்தில் காரியாலயம் வைத்திருக்கிறது.

புதிதாகப் படிக்க விரும்பும் நேயர்கள் 'நீதிபதி ஹார்பாட்டில்' கதையிலிருந்து தொடங்கலாம். ஒரே மாலையில் முடிந்துவிடும். அடுத்தபடி 'பச்சைத் தேயிலை'. அதன் பின்னும் ஆவல் குறையாவிட்டால் 'அங்கிள் சைலஸ்'. அதற்கு ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். முதல் பாகத்தைப் பொறுமையாகக் கடந்து, சித்தப்பாவின் வீட்டு வெளிக் கதவு திறக்கும் இடம் வரையில் வந்துவிட்டால், பிறகு புஸ்தகம் தானே நேயர்களை இழுத்துக் கொண்டு போகும்.